சீரில் வந்த தாகம்

எங்கள் அடுக்ககத்துக் குப்பைக் குழாய்க்கு ரோஷம் அதிகம். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் ஒரே பையில் கட்டிப் போட்டால் அப்படியே திருப்பி அனுப்பிவிடும். சும்மாவும் அனுப்பாது. எந்த வீட்டுக் குப்பை, உள்ளே என்ன இருக்கிறது என்பதை எல்லா மாடிக்கும் கேட்கும்படி வாசித்துவிட்டு அனுப்பும். சைவம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஐந்தாம் மாடிக்காரர் வீட்டிலிருந்து நண்டு ஓடு போன விவரம் அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு தேனிப் பக்கம் போய்விட்டார். நல்ல மனிதர்.

குழாய்க்கு வந்த ஒழுக்கம் பிள்ளைகளுக்கு வரவில்லை என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்தார்கள். இரண்டாம் வகுப்புக்குப் போகுமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் வீட்டிலேயே பசுமைத் தேர்வு என்று சட்டம் வந்தது. ஆய்வாளர் ஒருவர் வருவார். கேள்வி கேட்கமாட்டார். மூலையில் உட்கார்ந்து பார்ப்பார். பிள்ளை குழாயை மூடுகிறதா, ஆள் இல்லாத அறையில் விளக்கை அணைக்கிறதா, தட்டில் மிச்சம் வைக்கிறதா. தேறாத பிள்ளைக்கு நல்ல பள்ளியில் இடமில்லை. பெற்றோர்கள் கலங்கிப்போனார்கள். ஒரு பழக்கத்தை வீட்டில் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் அது முதலில் வீட்டில் இருக்க வேண்டும். எங்கள் அடுக்ககத்தில் எந்த வீட்டிலும் அது இருந்ததாகத் தெரியவில்லை.

எனக்கு எதிர்வீடு காளீஸ்வரியின் வீடு. அவள் பல் மருத்துவர். அவள் புருஷன் திருக்கண்ணன், மேகம் வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருந்தான். கல்யாணத்துக்கு மழை வராமல் இருக்கவும், காதுகுத்துக்கு லேசாகத் தூறவும் மதுரையில் அவனைத்தான் பிடிப்பார்கள். இவர்களுக்கு ஒரே பெண், யாழிசை. ஏழு வயது. காலையில் பல் தேய்க்கக் குழாயைத் திறந்தால், தேய்த்து, குளித்து, பள்ளிக்கூடம் போய், திரும்பி வந்துதான் மூடுவாள். சுவரில் பனிக்கரடி படம் ஒட்டிப் பார்த்தார்கள். கரடிக்கு மீசை வரைந்தாள். கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். கடைசியில் எல்லோரும் செய்ததையே அவர்களும் செய்தார்கள். பழக்க ஒட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

ஒட்டுக்கட்ட வந்தவள் பெயர் மெர்சி. சின்னப் பெண். கையில் பெட்டி, பெட்டிக்குள் இரண்டு தொப்பி, நடுவே ஒரு வயர். அவ்வளவுதான் கருவி.

"மாங்கன்னுக்கு ஒட்டுக்கட்டுற மாதிரிதான் மேடம்," என்றாள் மெர்சி. "ஒருத்தர்கிட்ட நல்லா ஊறிப்போன பழக்கத்தை எடுத்து பாப்பாகிட்ட வைப்போம். ஒரு வாரத்துல ஒட்டிக்கும்."

"குடுத்தவங்களுக்கு?" என்றாள் காளீஸ்வரி.

"அவங்ககிட்ட இருந்து போயிடும். நகல் எடுக்கிற வித்தை இன்னும் வரல. ஆனா ஒண்ணு, குடுக்கிறவங்க சொந்தமா இருக்கணும். பிள்ளை அவங்க மடியில பயமில்லாம உக்காரணும். அழுதுச்சுன்னா ஒட்டாது."

மடி என்ற சொல் வந்ததுமே விஷயம் மெர்சியின் கையை விட்டுப் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் பிள்ளையை மடியில் உட்காரவைத்து எதைச் செய்தாலும் அது தாய்மாமன் மடி. மொட்டை, காதுகுத்து எல்லாம் அங்கேதான். பழக்கத்துக்கு மட்டும் வேறு மடியா தேடுவது?

காளீஸ்வரிக்கு இரண்டு சகோதரர்கள். தம்பி வழிவிட்டான் தூத்துக்குடியில் இருந்தான். சைக்கிளில்தான் போவான். சமையல் கழிவை உரமாக்கி, அந்த உரத்தில் கீரை வளர்த்து, அந்தக் கீரையின் கழிவை மறுபடியும் உரமாக்கி, இப்படியே அவன் வீட்டில் ஒரே கீரை பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றுச்சூழலுக்காக வாங்கிய கேடயங்களை வைக்க அலமாரி போதவில்லை. அண்ணன் கருமலையான் கமுதிப் பக்கம் விவசாயம். கேடயம் ஒன்றும் இல்லை. ஆனால் தண்ணீர் விஷயத்தில் அவரைப் போல ஓர் ஆள் ஜில்லாவிலேயே கிடையாது. ஒரு சொம்பில் குளித்துவிட்டு, அந்தத் தண்ணீரில் வேட்டி துவைத்து, அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவார். குடிப்பதும் பறவை குடிக்கிற அளவுதான். கருமலைக்குத் தாகமே எடுக்காது, ஒட்டகத்துக்குப் பிறக்க வேண்டியவன் என்று குடும்பத்தில் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள்.

"அக்கா, எங்கிட்ட எல்லாப் பழக்கமும் இருக்கு. விளக்கு, தண்ணி, குப்பை, எல்லாம் சேத்து ஒரே ஒட்டா குடுத்துடுறேன்," என்றான் வழிவிட்டான் தொலைபேசியில்.

கருமலையான் நேரிலேயே வந்துவிட்டார். "ஏத்தா காளி, மூத்தவன் உசுரோட இருக்கையில இளையவன் மடியில உக்கார வைக்கப் போறியாமே. வையி. நான் செத்ததா நினைச்சுக்க."

மூத்தவருக்கே நாள் குறித்தார்கள்.

தாரை தப்பட்டையோடு கீழ்வாசலிலிருந்து சீர் ஏறியது. பழத்தட்டு, பட்டுப்பாவாடை, வெற்றிலை பாக்கு, வெள்ளிக் கொலுசு. எல்லாத் தட்டுக்கும் பின்னால் கருமலையான் வெறுங்கையோடு, தலையை மட்டும் நிமிர்த்திக்கொண்டு நடந்து வந்தார். அவர் கொண்டுவந்த முக்கியமான சீர் தலைக்குள் இருந்தது. லிஃப்ட் இத்தனை பேரை ஏற்ற மறுத்ததால் எல்லோரும் படியேறினார்கள். தப்பட்டைக்காரர் ஏழாம் மாடியில் உட்கார்ந்துவிட்டார்.

யாழிசை மாமன் மடியில் ஏறி அமர்ந்து லட்டு தின்றாள். மெர்சி இரண்டு தலையிலும் தொப்பியை மாட்டினாள்.

"சார், ஒரே ஒரு கேள்வி கேக்கணும். இந்தப் பழக்கம் உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

கருமலையான் அவளைப் பார்த்தார். "சீர் கொண்டாந்தவன்கிட்ட இது எந்தக் கடையில வாங்குனதுன்னு கேப்பாகளா தாயி உங்க வீட்ல?"

திருக்கண்ணன் குறுக்கே புகுந்தான். "மச்சான், அது ஏதோ தெரியாம கேக்குது. நீங்க மனசுல வச்சுக்காதீக. ஏம்மா, மேல வேலையப் பாரு."

"கேக்காம கட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்கு சார். பழக்கம் வேரோடதான் வரும். வேர் என்னன்னு தெரியணும்."

"சட்டம் உனக்கு. முறை எங்களுக்கு," என்றார் திருக்கண்ணனின் சித்தப்பா. அவர் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்.

மெர்சியும் மதுரைக்காரிதான். அவளுக்கும் கோபித்துக்கொண்டு போன மாமன் ஒருவர் இருந்தார். மேற்கொண்டு கேட்காமல் பொத்தானை அழுத்தினாள். யாழிசை லட்டைத் தின்று முடிப்பதற்குள் வேலை முடிந்தது. சீரை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகத் தங்கச்சி அண்ணனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். கருமலையான் முழுச் சொம்பையும் அண்ணாந்து குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த வாரமே யாழிசை வேறு பிள்ளை. குழாயில் ஒரு சொட்டு நின்றால் விரலால் தொட்டு எடுத்துச் செடிக்கு வைத்தாள். அரைச் சொம்பில் குளித்தாள். விளக்கும் குப்பையும் பழையபடிதான் என்றாலும் தண்ணீருக்கே பாதி மதிப்பெண் என்பதால் காளீஸ்வரிக்குக் கவலை இல்லை. பள்ளியில் கைதட்டினார்கள். மற்ற வீட்டுப் பெண்கள் எதிர்வீட்டு வாசலில் நின்று, எந்த மாமன், எந்த ஊர் என்று விசாரித்தார்கள். கமுதிப் பக்கத்து மாமன்களுக்கு அந்த மாதம் நல்ல கிராக்கி.

கமுதியில் கருமலையான் கதை வேறுவிதமாகப் போய்க்கொண்டிருந்தது. பம்புசெட்டுத் தொட்டியில் இறங்கினால் மனிதர் சாயங்காலம்தான் ஏறுவார் என்று வழிவிட்டான் சொன்னான். கடைத்தெருவில் நன்னாரி சர்பத் விற்பவர் அவருக்கென்று தனி பெஞ்சு போட்டுவிட்டாராம். ஒரு தண்ணீர்ப் பாம்பு அவரைத் தன் இனம் என்று நினைத்து வீடுவரை வந்ததாகவும் சொன்னான். அதை நான் பாதிதான் நம்பினேன். பாம்பு தெருமுனை வரை வந்திருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் உண்மை. வருஷக்கணக்காக அவரைப் படுத்தி வைத்திருந்த சிறுநீரகக் கல் கரைந்துபோயிருந்தது. இப்படியே குடித்துக்கொண்டிருந்தால் இன்னும் முப்பது வருஷம் இருப்பீர்கள், பழைய மாதிரி இருந்திருந்தால் மூன்று தீபாவளி என்று டாக்டர் சொன்னாராம்.

மதுரையில் டம்ளர்கள் முளைக்க ஆரம்பித்தன. காளீஸ்வரி கண் விழித்தால் தலைமாட்டில் ஒரு டம்ளர் தண்ணீர். மேசையில் ஒன்று. கிளினிக்குக் கொண்டுபோகும் பையில் மூடிபோட்ட டப்பாவில் ஒன்று.

"என் மகளுக்கு எம்மேல எவ்வளவு பாசம் பாத்தீங்களா சார்," என்று என்னிடம் காட்டினாள்.

"நீ குடிச்சியா கண்ணு?" என்று நான் யாழிசையைக் கேட்டேன்.

"நான் அப்பவே குடிச்சிட்டேன்," என்றாள். உதடு வெடித்திருந்தது. பனிக்காலம் என்று நினைத்துக்கொண்டேன். மதுரையில் பனிக்காலம் என்று ஒன்று இருப்பதாக அன்றைக்குத்தான் நம்பினேன்.

பள்ளியில் தண்ணீர்ச் சேமிப்புக்காக அவளுக்குப் பரிசு கொடுத்தார்கள். மேடையேறினாள், பரிசை வாங்கினாள், மயங்கி விழுந்தாள். பரிசு ஒரு தண்ணீர் பாட்டில்.

ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், உடம்பில் தண்ணீரே இல்லை, நாள்கணக்காகச் சரியாகக் குடிக்கவில்லை என்று. குடிக்கக் கொடுத்தால் வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள், விழுங்கவில்லை. கையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். கண் திறந்த யாழிசை தொங்கும் பாட்டிலைப் பார்த்தாள், நர்ஸைப் பார்த்தாள்.

"இதுல பாதிய அம்மாவுக்கு விடுங்க," என்றாள்.

பிறகு காளீஸ்வரியின் பக்கம் திரும்பி, பெரியவர்கள் சின்னப் பிள்ளையிடம் பேசுகிற குரலில் சொன்னாள். "நீ குடி பாப்பா. எனக்குத் தாகமா இல்ல."

காளீஸ்வரி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவளைப் பாப்பா என்று கூப்பிட்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அதுவும் அவளுக்கு நான்கு வயதாக இருந்தபோது.

மெர்சி வந்தாள். திருக்கண்ணன் அவளைத் திட்டத் தொடங்கினான். காளீஸ்வரி அவனை நிறுத்தினாள்.

"அவ கேட்டா. நாமதான் வாய அடச்சோம்," என்றாள். அப்புறம் மெர்சியிடம் சொன்னாள். "மழை பொய்ச்ச வருஷம். எங்கப்பாவும் அம்மாவும் செங்கல் சூளைக்குப் போயிட்டாங்க. அண்ணனுக்கு ஒம்பது வயசு. தம்பி இன்னும் பிறக்கல. நாங்க ரெண்டு பேருந்தான் வீட்ல. தண்ணி லாரி என்னைக்கு வரும்னு தெரியாது. ஒரு குடம்தான் பிடிக்க விடுவாங்க. அண்ணன் ஊத்திக் குடுக்கும். நீ குடிச்சியான்னா அப்பவே குடிச்சிட்டேங்கும். நான் நம்பிட்டேன். இத்தனை வருஷமும் எங்கண்ணனுக்குத் தாகமே எடுக்காதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

மெர்சி பெட்டியைக் கீழே வைத்தாள். "அப்போ நாம பாப்பாவுக்கு வச்சது தண்ணியச் சேமிக்கிற பழக்கம் இல்ல மேடம். தங்கச்சிக்குத் தண்ணி விட்டுவைக்கிற பழக்கம்."

"வெட்டி எறிஞ்சிரு," என்றான் திருக்கண்ணன்.

"எறிய முடியாது சார். வெட்டினா அதைச் சுத்தி இருக்கிறதும் சேந்து வரும். அது நடக்குற பழக்கமா இருக்கலாம், அவ பேரா இருக்கலாம். எடுத்த இடத்துல திருப்பி வைக்கலாம். அது ஒண்ணுதான் வழி."

கருமலையான் ஈரத்தலையோடு வந்து சேர்ந்தார். முகம் பளபளவென்று இருந்தது. மருமகளைப் பார்த்ததும் அந்தப் பளபளப்பு போய்விட்டது. காளீஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சொன்ன தீபாவளிக் கணக்கையும் அவருக்கு மறுபடி நினைவுபடுத்தினாள். திருப்பி வாங்கிக்கொள் என்று மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. ஒரு பக்கம் கட்டில், ஒரு பக்கம் அண்ணன். நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"நானா அப்படிச் செஞ்சேன்?" என்று கருமலையான் சிரித்தார். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையேத்தா. நான் பாட்டுக்கு ஒளிச்சு வச்சுக் குடிச்சிருப்பேன், யாரு கண்டா."

"வேரும் பிள்ளைகிட்ட வந்துருச்சு சார். அதான் ஞாபகம் இல்ல," என்றாள் மெர்சி.

அவர் யாழிசையின் வெடித்த உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "குடுத்த சீரைத் திருப்பி வாங்குன மொதத் தாய்மாமன்னு ஊர்ல சிரிப்பாக. சிரிச்சிட்டுப் போகட்டும். தொப்பிய எடு தாயி. ஒரு நிமிசம் பொறு."

வராந்தாவில் தண்ணீர் கேன் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் போய் நின்று குடிக்க ஆரம்பித்தார். அவசரமில்லாமல், ருசித்து, ஒவ்வொரு வாய்க்கும் நிறுத்திக் குடித்தார். வரிசையில் நின்றவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்கள். கேன் தீர்ந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து யாழிசையை மடியில் வாங்கினார்.

முடிந்ததும் மெர்சி தொப்பியைக் கழற்றினாள். யாழிசை, "தண்ணி," என்றாள். கொடுத்த பாட்டிலை முழுதாகக் குடித்து, மேலெல்லாம் சிந்தி, இன்னும் கேட்டாள். நர்ஸ் கருமலையானுக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள். அவர் வாங்கினார். வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். காளீஸ்வரியைத் தேடினார்.

"நீ குடிச்சியா பாப்பா?" என்றார்.

அவரை அவள் ஊருக்கு அனுப்பவில்லை. வேட்டியும் சட்டையும் வழிவிட்டான் கொண்டுவந்து போட்டான்.

ஊறிப்போன ஒன்றோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது என்று காளீஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. கெஞ்சினால் அவர் குடித்துவிட்டேன் என்பார். ஆகவே அவள் அவர் எதிரில் உட்கார்ந்து முதலில் தான் குடித்தாள். வயிறு முட்ட, ஏப்பம் வரும்வரை. குடித்த டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். பிறகு திருக்கண்ணன் கவிழ்த்தான். பிறகு யாழிசை. வீட்டில் தாகத்தோடு யாரும் இல்லை என்று உறுதியான பிறகுதான் கருமலையானின் தொண்டை அசையும். எதிர்வீட்டில் நான் இருமினாலும் சந்தேகப்பட்டு டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். நான் கதவைத் திறந்து ஒரு சொம்பு குடித்துக் காட்ட வேண்டும். வீட்டு வேலைக்கு வருபவர், தபால் கொண்டுவருபவர், எல்லோரும் கவிழ்த்தார்கள். அந்தத் தளத்தின் தண்ணீர்ச் செலவு பற்றிக் குடியிருப்போர் சங்கம் இரண்டு கூட்டம் போட்டது. அவருடைய கல் திரும்பி வரவில்லை. வருமா வராதா என்று யாரும் உறுதி சொல்லவுமில்லை.

இதற்கிடையே தேர்வு வந்தது. ஆய்வாளர் ஒல்லியான மனிதர். லிஃப்டில் ஏறினால் மின்சாரம், தவறான முன்னுதாரணம் என்று கீழேயிருந்து ஒவ்வொரு மாடியாக நடந்தே ஏறி, ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எந்த வீட்டிலும் அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. தண்ணீரை எடுத்தால் மதிப்பெண் குறையுமோ என்று எல்லோருக்கும் பயம். எங்கள் தளத்துக்கு வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வேடிக்கை பார்க்க நானும் எதிர்வீட்டுக்குப் போனேன்.

அவர் மூலையில் உட்கார்ந்தார். யாழிசை ஒரு பிழையையும் விட்டுவைக்கவில்லை, எல்லாவற்றையும் செய்தாள். படுக்கையறை விளக்கு, கூடத்து விளக்கு, பகலில் எதற்கென்று தெரியாத பால்கனி விளக்கு, எல்லாம் எரிந்தன. வாழைப்பழத் தோலைக் காகிதக் கூடையில் போட்டாள். கையைக் கழுவிவிட்டுக் குழாயைத் திறந்தபடியே விட்டு வந்தாள். காளீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். ஆய்வாளர் ஒவ்வொன்றையும் கையிலிருந்த மின்பலகையில் தட்டித் தட்டிப் பதிந்தார்.

யாழிசை தனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தாள். உதட்டுக்குக் கொண்டுபோனவள் நின்றாள். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், சுவரோரம் உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஆய்வாளரிடம் வந்ததும் பார்வை நின்றது.

"நீங்க குடிச்சீங்களா சார்?"

"நான் வேலையில் இருக்கேன் பாப்பா."

"குடிச்சீங்களா, இல்லையா?"

மெர்சியின் தொப்பி அந்தத் தலையில் இப்போது எதையும் வைக்கவில்லை. இது வேறெங்கிருந்தோ வந்திருந்தது. ஆய்வாளர் டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். பலகையில் அப்படி ஒரு பழக்கத்துக்கு இடம் இருக்கிறதா என்று மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். இல்லை. பத்துக்குப் பூஜ்யம் என்று பதிந்தார். பதிந்துவிட்டு, தயக்கத்தோடு டம்ளரை நீட்டி, "இன்னொண்ணு கிடைக்குமா?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க சார்," என்றாள் யாழிசை. "மாமா இன்னும் குடிக்கல."